கூரத்தாழ்வானும் அந்தணர் ஜீவனமும்

எம்பெருமானாரின் திருவடி நிழலில் வாழ்ந்த மகான்களுள் முதல்வராக எண்ணப்படுகிறவர் ஸ்ரீவத்ஸாங்கர் என்னும் திருநாமமுடைய கூரத்தாழ்வான். அவருடைய கல்வியையும் பொறுமையையும் ஆசார்ய பக்தியையும் பற்றிப் பெரியோர்கள் பலகாலும் உபந்யஸித்திருக்கிறார்கள். அம்மகான் எதைக் கொண்டு ஜீவித்தார் என்னும் ஒரு விஷயத்தை மட்டும், உத்ஸவம் ஸேவிக்க வந்திருக்கும் பாகவதர்களுக்கு இங்கே விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

அந்தணனுக்குச் சாஸ்திரம் விதித்த தொழில்கள் ஆறு. அவற்றுள் ஓதல், வேட்டல், ஈதல் என்னும் மூன்றும் கடமைகள். ஓதுவித்தல், வேட்பித்தல், ஏற்றல் என்னும் மூன்றும் ஜீவனத்திற்கு ஏற்பட்டவை. மனு தம் நூலின் நான்காம் அத்தியாயத்தில் ஜீவன வகைகளை வரிசைப்படுத்துகிறார். அறுத்த வயலில் சிதறிய தானியத்தைப் பொறுக்கி உண்பது, கேளாமல் வந்ததை ஏற்பது, கேட்டுப் பெறுவது, உழவு, வாணிகம் என்று அது செல்லும். பிறர்க்கு ஊழியம் செய்து பிழைப்பது விலக்கப்பட்டது. சேமிப்பிலும் நான்கு நிலைகள் உண்டு: குதிர் நிறைய வைத்திருப்பவன், பானை நிறைய வைத்திருப்பவன், மூன்று நாளுக்கு வைத்திருப்பவன், நாளைக்கென்றும் வைக்காதவன். இவர்களில் பின்னவனே முன்னவனிலும் சிறந்தவன் என்பது சாஸ்திரத்தின் தீர்ப்பு. முதல் நிலையில் பிறந்து கடைசி நிலையைத் தாமே விரும்பி மேற்கொண்டவர் ஆழ்வான்.

காஞ்சீபுரத்திற்கு அருகிலுள்ள கூரத்தில், ஹாரீத கோத்திரத்தில், ஸம்பிரதாயக் கணக்கின்படி 1010-ஆம் ஆண்டு ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவர் அவதரித்தார். பெருஞ்செல்வர், பகல் முழுவதும் அன்னமிட்டு இரவில் அவர் திருமாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்டதாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். தம்முடைய செல்வத்தின் ஒலி பெருமாள் திருச்செவியில் படும்படி ஆயிற்றே என்று நாணி, அனைத்தையும் துறந்து தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கத்திற்குப் புறப்பட்டார். காட்டு வழியில் ஆண்டாள் அஞ்சினார். மடியில் கனமிருந்தாலன்றோ வழியில் பயம் என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்யும் பொன்வட்டில் ஒன்றை அம்மையார் எடுத்து வந்தது தெரிந்தது. அதையும் வாங்கி எறிந்துவிட்டு நடந்தார்.

ஊராருக்கெல்லாம் அன்னமிட்ட கை, திருவரங்கத்தில் வீடுதோறும் சென்று பிடி அரிசி ஏற்றது. உஞ்சவிருத்தி என்று பிற்காலத்தில் வழங்கியது இதுவே. ஒரு நாள் பெருமழை பெய்தமையால் வெளியே செல்ல இயலாமற் போயிற்று. சேமிப்பு ஏதும் இல்லாமையால் இருவரும் பட்டினி கிடந்தனர். இரவில் அரவணை அமுதுக்கான வாத்திய ஓசை கேட்டபோது, பக்தர் பசித்திருக்கப் பெருமாள் அமுது செய்கிறாரே என்று ஆண்டாள் மனத்தில் எண்ணினார். சிறிது நேரத்தில் பிரஸாதம் வாசலுக்கு வந்தது. மனத்தாலும் யாசித்தல் தகுமோ என்று ஆழ்வான் தேவிகளிடம் வருந்தினார். ஆயினும் வந்த பிரஸாதத்தை மறுக்கலாகாது என்று சிறிது தாம் ஸ்வீகரித்து எஞ்சியதை அம்மையாருக்கு அளித்தார். பராசர பட்டரும் வேதவியாஸ பட்டரும் அந்தப் பிரஸாதத்தின் பலனாகப் பிறந்தவர்கள் என்பர்.

மனத்தால் கேட்பதற்கும் கூசிய அந்த மகான், ஒரு தருணத்தில் எவரும் ஏற்க அஞ்சும் தானத்தை ஏற்றார். அக்காலத்தில் திருவரங்கத்துக் கோயிலின் நிர்வாகமும் திறவுகோலும் பெரிய கோயில் நம்பி என்பவரிடம் இருந்தன. கோயில் நடைமுறைகளைச் சீர்ப்படுத்த எம்பெருமானார் முயன்றபோது அது எளிதில் கைகூடவில்லை. அந்நிலையில் நம்பியின் தாயார் பரமபதித்தார். பதினோராம் நாள் ஏகாஹத்தில் இறந்தவரின் ஸ்தானத்தில் ஒரே அந்தணர் அமர்ந்து உண்ண வேண்டும். அந்த அன்னம் பெருந்தோஷமுடையது என்றும், அதை உண்டவர் ஜபத்தாலும் பிராயச்சித்தத்தாலும் சுத்தி பெற வேண்டும் என்றும் விதியிருப்பதால் அதற்கு எவரும் எளிதில் இசையார். எம்பெருமானார் நியமனப்படி ஆழ்வானே சென்று அமர்ந்தார்.

போஜனம் முடிந்ததும் திருப்தியா என்று கர்த்தா கேட்பதும், திருப்தி என்று உண்டவர் சொல்வதும் முறை. அச்சொல் வந்தாலன்றிக் கர்மம் நிறைவுறாது. ஆழ்வான் அதைச் சொல்லவில்லை. பொன்னும் நிலமும் தருவதாக நம்பி கூறியும் இசையவில்லை. கோயில் நிர்வாகத்தை எம்பெருமானாரிடம் ஒப்படைக்க இசைந்த பிறகே திருப்தி என்றார். அவ்வாறு பெற்ற திறவுகோலை ஆசார்யன் திருவடியிலே சமர்ப்பித்துவிட்டார். அந்த நம்பியே பின்பு ஆழ்வானுக்குச் சிஷ்யராகி, திருவரங்கத்தமுதனார் என்னும் திருநாமம் பெற்று, இராமாநுச நூற்றந்தாதி அருளிச் செய்தார். ஆழ்வானின் திருவம்சத்தாரான பட்டர்கள் கைசிக ஏகாதசியன்று பெருமாள் திருமுன்பே கைசிக புராணம் வாசிக்கும் கைங்கர்யம் திருவரங்கத்தில் இன்றும் நடந்து வருகிறது.

சோழன் சபைக்கு ஆசார்யனின் காஷாயத்தைத் தாம் அணிந்து சென்று ஆழ்வான் கண்ணிழந்த வரலாறு யாவரும் அறிந்ததே. மீண்டு வந்தபோது, எம்பெருமானார் ஸம்பந்தமுடையாரை உள்ளே விடலாகாது என்று திருவரங்கத்துக் கோயில் வாசலில் தடுத்தார்கள். இவர் நற்குணமுடையவர், ஆகையால் விடலாம் என்று ஒருவர் கூறினார். தம் குணத்தைச் சொல்லி, ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கிக் கிடைக்கும் அனுமதி வேண்டாம் என்று திரும்பிய ஆழ்வான், திருமாலிருஞ்சோலையில் தங்கி ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளினார். பின்னாளில் எம்பெருமானார், பேரருளாளனிடம் கண்ணை வேண்டும்படி நியமித்தார். பெருமாள் வரம் தரத் திருவுள்ளமானபோது ஆழ்வான் கேட்டது, தமக்குத் தீங்கு நேரக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்பதே.

இக்காலத்தில் அந்தணர்களில் மிகப் பலர் உத்தியோகத்தாலும் வாணிகத்தாலும் ஜீவிக்கின்றனர். கால மாறுதலில் அது தவிர்க்க இயலாதது. ஆயினும் அர்ச்சகத் தட்டில் விழும் காசும், வாத்தியார் பெறும் தட்சிணையும் இன்றும் ஏற்றலே. கொடுத்தவருடைய குறையைத் தன் தலையில் ஏற்று, ஜபத்தாலும் அத்யயனத்தாலும் அதைத் தீர்ப்பவனுக்கே அது ஜீவனம். அவ்வாறு செய்யாதவனுக்கு அது கடன். ஏற்பவன் எதற்காக ஏற்கிறான், எப்போது திருப்தி என்கிறான் என்பதற்கு ஆழ்வானின் சரிதமே பிரமாணம்.

தட்டில் காசிடும் பாகவதர்களும், அதை ஏற்கும் அடியோங்களும் இதனை நினைவிற் கொண்டு, ஆழ்வான் திருவடிகளை வணங்கிப் பெருமாள் திருவருளுக்குப் பாத்திரராகப் பிரார்த்திக்கிறேன்.