கக்கனின் மருத்துவமனைக் கட்டிலும் 41ஆம் உறுப்பும்

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்தால் தும்பைப்பட்டி வருகிறது. அங்கே கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜூன் 18 அன்று மாலைகள் விழுகின்றன. எளிமை, நேர்மை என்ற இரண்டு சொற்கள் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அமைச்சராக இருந்தவர் நகரப் பேருந்தில் பயணம் செய்தார், வாடகை வீட்டில் வாழ்ந்தார், அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்தார் என்று ஆண்டுதோறும் கேட்கிறோம், கேட்டு நெகிழ்கிறோம். பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த ஒரு தலித் தலைவரின் முதுமையும் நோயும் ஏன் பாதுகாப்பற்றுக் கிடந்தன என்ற கேள்வியை மட்டும் அந்த நெகிழ்ச்சி நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. அக்கேள்வியை முன்வைத்தே அவர் வாழ்க்கையை இங்கு மீண்டும் படிக்க முனைகிறோம்.

கக்கன் 1908இல் பிறந்தார். தந்தை ஊர்க்கோயில் பூசாரி. மேலூர் வட்டாரத்தில் நெல் விளையும் நிலம் பிறருக்கும், அதில் இறங்கும் கால்கள் சேரிக்கும் உரியனவாக இருந்த காலம் அது. காங்கிரசின் தீண்டாமை ஒழிப்புப் பணி வழியே பொதுவாழ்வுக்கு வந்த கக்கன், சேரிப் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். 1938இல் ஆசிரியை சுவர்ணம் பார்வதியை ஜீவாவின் தலைமையில் சீர்திருத்த முறையில் மணந்தார். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் அவரும் ஒருவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். இவையெல்லாம் நன்கு அறியப்பட்டவை. குறைவாகப் பேசப்படுவது, அதன் பிறகு அவர் உறுப்பினராக அமர்ந்திருந்த அவை எதைத் தீர்மானித்தது என்பதே.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களுள் கக்கனும் இருந்தார். அதே சபை சட்டமன்றமாகவும் செயல்பட்டு, 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்திற்கான அடித்தளம் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில் இடப்பட்டது. பேராசிரியர் அதர்கரின் அறிக்கை 1944இல் அளிக்கப்பட்டது. நோயுற்ற நாளுக்கு ஊதிய ஈடு, பேறுகால உதவி, பணியில் உறுப்பு இழந்தவருக்கு உதவித்தொகை, இறந்தவரின் குடும்பத்திற்கு ஆதரவு ஆகிய நான்கையும் சலுகையாக அன்றித் தொழிலாளியின் உரிமையாக்கிய சட்டம் அது.

ஆனால் அது யாருக்கானது? தொடக்கத்தில், மின்விசையால் இயங்கி, இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், ஆண்டு முழுவதும் நடக்கும் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே. மதுரையின் ஹார்வி ஆலையில் இயந்திரத்தில் கைவிரலை இழந்தவர் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார். சில கல் தொலைவில், மேலூர் வயலில் பாம்பு தீண்டிக் கால் செயலிழந்தவர் தெரியவில்லை. வேளாண் நிறுவனங்களுக்கும் சட்டத்தை விரிவாக்கலாம் என்று அதன் முதற்பிரிவிலேயே வழி விடப்பட்டிருந்தும், வயற்கூலிகளுக்காக அந்த வழி திறக்கப்படவில்லை. கூலி வேளாண்மையில் நிறைந்திருந்தவர்கள் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சட்டத்தில் சாதியின் பெயர் எங்குமில்லை. அதன் எல்லைக்கோடு மட்டும் சேரியின் வாசலில் நின்றுவிட்டது.

அதே 1948இன் நவம்பரில் வழிகாட்டு நெறிகள் மீதான விவாதம் நடந்தது. வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் குடிமக்கள் அரசின் உதவியைப் பெறும் உரிமையை அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு உறுதி செய்ய வேண்டும் என்ற நெறி இன்று 41ஆம் உறுப்பாக உள்ளது. இந்நெறிகளை அரசுக்குக் கட்டாயமாக்க வேண்டுமென கே.டி. ஷா வாதிட்டார், அவரது திருத்தம் ஏற்கப்படவில்லை. நீதிமன்றம் வலியுறுத்த முடியாவிட்டாலும், இந்நெறிகளைப் புறக்கணிக்கும் அரசு தேர்தலில் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அம்பேத்கரின் நிலைப்பாடு. அந்தப் பதிலை வாக்காளர் கேட்டால்தான் 41ஆம் உறுப்புக்கு உயிர். கேட்காவிட்டால் அது வெறும் அச்செழுத்து.

1952 முதல் 1957 வரை மதுரைத் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும், 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சராகவும் கக்கன் இருந்தார். பொதுப்பணி, அன்று அரிசன நலம் என்று அழைக்கப்பட்ட துறை, வேளாண்மை, இறுதியாக உள்துறை எனப் பொறுப்புகள் வந்தன. அவர் பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது, 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. மதுரைச் சமவெளியின் நிலங்களுக்கு நீர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அந்நிலங்களில் நாற்று நட்டவர்களின் முதுமைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இதைக் கக்கன் ஒருவரின் குற்றமாக நாம் எழுதவில்லை. தலித் தலைவருக்குத் துறை கொடுக்கப்பட்டது; நில உறவை மாற்றும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. அன்றைய காங்கிரஸ் அரசியலின் எல்லை அது. அவர் உள்துறையை வகித்தபோதுதான் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன என்பதையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். புனிதர் படம் வரைவதால் அவருக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

அவர் இடம்பெற்ற அமைச்சரவையின் காலத்தில், 1962 ஏப்ரல் 1 அன்று, முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் முன்னோடித் திட்டங்களுள் அது ஒன்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அதன் வாயிலில் ஆதரவற்றோர் என்ற சொல் காவல் நின்றது. உழைத்து ஓய்ந்ததற்காகப் பணம் இல்லை. பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று மெய்ப்பித்தால் மட்டுமே பணம். 1974இல் ஊனமுற்றோருக்கும், 1975இல் கணவரை இழந்த பெண்களுக்கும், 1981இல் விவசாயத் தொழிலாளருக்கும் திட்டங்கள் வந்தபோதும், ஆதரவற்ற என்ற அடைமொழி ஒவ்வொன்றின் முன்னும் ஒட்டிக்கொண்டே வந்தது. ஆலைத் தொழிலாளி உரிமையாகப் பெற்றதை, வயல் தொழிலாளி தன் கதியின்மையைக் காட்டி இரந்து பெற வேண்டியிருந்தது.

1967 தேர்தலில் மேலூரில் கக்கன் தோற்றார். சேர்த்து வைத்த சொத்து ஏதுமில்லை. முதுமையில் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சேர்ந்தார். மதுரை முத்துவின் உடல்நலம் விசாரிக்க அங்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கனும் அங்கேயே இருப்பதை அறிந்து சென்று பார்த்தார். அதன் பிறகே சிறப்புச் சிகிச்சைக்கும் மாத உதவித்தொகைக்கும் ஏற்பாடுகள் நடந்தன. விவசாயத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் வந்த அதே 1981ஆம் ஆண்டின் டிசம்பர் 23 அன்று அவர் சென்னையில் காலமானார்.

இந்த நிகழ்ச்சியை இரண்டு தலைவர்களின் பெருந்தன்மைக் கதையாகவே தமிழகம் சொல்லி வருகிறது. நமக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. முதலமைச்சர் வேறொருவரைப் பார்க்க வந்ததால் முன்னாள் அமைச்சருக்கு உதவி கிடைத்தது. அதே கூடத்தில் படுத்திருந்த பெயர் தெரியாத கூலித் தொழிலாளியைப் பார்க்க எந்த முதலமைச்சர் வருவார்? பெரியவர் ஒருவரின் கண்ணில் பட்டால் மட்டுமே கிடைக்கும் உதவி கருணை. யார் கண்ணில் படாவிட்டாலும் கிடைப்பதே உரிமை. இந்த வேறுபாட்டைத்தான் 41ஆம் உறுப்பு சொல்ல முயன்றது.

இன்றும் அந்த விவாதம் முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக அவர்களுக்கு வழங்க வேண்டும் என்கிறது. தமிழகத்தில் 2023இல் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ரூபாயும் முதியோருக்கு 1,200 ரூபாயும் என உயர்த்தப்பட்டது. சட்டம் கேட்ட குறைந்தபட்சக் கோட்டை அது சரியாகத் தொட்டு நின்றது. ஒன்றிய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியமோ 2012 முதல் 300 ரூபாயாகவே நிற்கிறது; அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காடு ஊனம் உள்ளவர்களுக்கு மட்டும். உயர்த்த வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் தொகை அசையவில்லை.

ஆகவே தும்பைப்பட்டிக்கு மாலையுடன் போகும் மாணவத் தோழர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கக்கனின் வறுமையைப் புகழ்வதை நிறுத்துவோம். நேர்மையாக வாழ்ந்தவர் வறுமையில் சாக வேண்டும் என்பது அறமல்ல, அரசின் தோல்வி. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வட்டாட்சியர் அலுவலக வாசலில் ஊனச் சான்றோடும் குடும்ப அட்டையோடும் காத்திருப்பவரின் மனுவை எழுதிக் கொடுப்போம். நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்போம். வாக்கு கேட்டு வருபவரிடம் 41ஆம் உறுப்புக்குப் பதில் கேட்போம். வாக்காளரின் கையில் அம்பேத்கர் விட்டுச்சென்ற அந்தக் கேள்வியைக் கேட்பதே கக்கனுக்கு நாம் செலுத்தும் மரியாதை.