நாடு கடத்தப்பட்ட மாணவர்: அருள்தந்தை பேத்ரோ அருப்பே



1932-ஆம் ஆண்டு சனவரி மாதம். வட இஸ்பெயினில் ஓஞா என்ற சிற்றூரில் இயேசு சபையின் இளம் மாணவர்கள் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதைய குடியரசு ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்து, அந்நாட்டில் இயேசு சபையைக் கலைத்தது. சபையின் இல்லங்களும் கல்விக்கூடங்களும் அரசுடைமையாயின. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் பத்தே நாள். பாதிப் படிப்போடு, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டியவர்களில் 24 வயது பேத்ரோ அருப்பேயும் ஒருவர்.

இயேசு சபையின் உலகத் தலைவராக அருப்பேயை நம்மில் பலர் அறிவோம். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் காயங்களுக்கு மருந்திட்டவர் என்றும் அறிவோம். ஆனால் படிப்பு பாதியில் நின்றுபோன ஓர் அகதி மாணவராக அவரை நாம் அதிகம் நினைப்பதில்லை. எனக்கோ அவருடைய பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள இந்த இளமைக் காலமே பெரிதும் உதவுகிறது.

அவர் 1907-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று பில்பாவோ நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மத்ரித் நகரில் மருத்துவம் படித்தார். பின்னாளில், 1959-இல், நோபல் பரிசு பெற்ற செவேரோ ஒச்சோவா அவருடைய உடன் மாணவர். தந்தையும் இறந்த பிறகு லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார். அங்கே நோயுற்றோர் குணமடைவதைக் கண்டது அவர் உள்ளத்தைத் திருப்பியது. மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு, 1927 சனவரியில் இயேசு சபையில் சேர்ந்தார். அந்தப் படிப்பை விட்டது அவரே எடுத்த முடிவு. ஐந்து ஆண்டு கழித்து மெய்யியல் படிப்பு நின்றது அப்படியல்ல. ஓர் அரசாணை அதை நிறுத்தியது.

பெல்ஜியத்தில் மார்னெஃப் என்ற ஊரில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. இறையியல் படிக்க ஹாலந்து நாட்டின் வால்கன்பர்க் சென்றார். இங்கே ஒரு செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும். வால்கன்பர்க்கில் இருந்தது ஜெர்மானிய இயேசு சபையினரின் கல்லூரி. ஜெர்மானியரின் கல்லூரி ஹாலந்தில் ஏன்? 1872-இல் பிஸ்மார்க் ஆட்சி இயேசு சபையினரை ஜெர்மனியிலிருந்து வெளியேற்றியது. வெளியேறியவர்கள் எல்லைக்கு அப்பால் 1894-இல் எழுப்பிய கல்லூரி அது. ஒரு தலைமுறை அகதிகள் கட்டிய கூரையின்கீழ் அடுத்த தலைமுறை அகதி படித்தார்.

1936-ஆம் ஆண்டு சூலை 30 அன்று அவர் குருவாக அருள்பொழிவு பெற்றார். இஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்து இரு வாரம்கூட ஆகவில்லை. பிறகு அமெரிக்காவில் படிப்பைத் தொடர்ந்து, 1938-இல் சப்பான் சென்றார். 1941 டிசம்பர் 8 அன்று, போர் மூண்டவுடன், உளவாளி என்ற ஐயத்தில் யமகுச்சியில் கைது செய்யப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேல் சிறைவைக்கப்பட்டார். விடுதலையானபின் ஹிரோஷிமாவின் புறநகரான நகத்சுகாவில் நவதுறவியருக்குப் பயிற்சியாளரானார்.

1945 ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்குக் குண்டு விழுந்தது. நகத்சுகா இல்லம் நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்ததால் தப்பியது. அருப்பே சிற்றாலயத்தில் சிறிதுநேரம் செபித்துவிட்டு, இல்லத்தை மருத்துவமனையாக்கினார். ஏறத்தாழ 150 பேர் அங்கே வந்து சேர்ந்தனர். மருந்தென்று கையில் இருந்தது ஒரு மூட்டை போரிக் அமிலம்தான். அதைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துக் காயங்களைக் கழுவினார். பதினெட்டு ஆண்டுக்கு முன் விட்டுவந்த மருத்துவக் கல்வி அன்று கைகொடுத்தது. கற்றது எப்போது, எங்கே பயன்படும் என்று யாருக்குத் தெரியும்?

1965 மே மாதம் இயேசு சபையின் உலகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விசுவாசப் பணியிலிருந்து நீதிக்கான பணியைப் பிரிக்க முடியாது என்று 1975-இல் சபையின் பொதுப் பேரவை அறிவித்தது அவருடைய காலத்தில்தான். இதனால் எழுந்த எதிர்ப்புகளும் வேதனைகளும் பல. அவற்றை விரிக்க இது இடமன்று.

1979-ஆம் ஆண்டு இறுதி. வியட்நாமிலிருந்து சிறு படகுகளில் தப்பிய மக்கள் தென்சீனக் கடலில் மூழ்கிய செய்திகள் நாள்தோறும் வந்தன. கம்போடிய மக்கள் தாய்லாந்து எல்லையில் குவிந்தார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி அருப்பே உலகெங்கும் ஏறக்குறைய இருபது மாநிலத் தலைவர்களுக்குத் தந்தி அனுப்பி, என்ன செய்ய முடியும் என்று கேட்டார். பதில்கள் உடனே வந்தன. ஆள், பணம், மருந்து, எல்லாம் தர முன்வந்தார்கள். 1980 நவம்பர் 14 அன்று, தம் 73-ஆவது பிறந்த நாளில், 'இயேசு சபை அகதிகள் பணி' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அகதிகளுக்கு வேண்டியது உணவும் கூடாரமும் மட்டுமல்ல, கல்வியும் ஆன்மிக உடனிருப்பும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவர் எழுதினார். பசித்தவருக்குச் சோறு போடுவது நமக்கு எளிதில் விளங்கும். பசித்தவருக்குப் பட்டப்படிப்பு எதற்கு என்று நல்லவர்களும் கேட்பார்கள். என் பங்கிலும் கேட்டிருக்கிறார்கள்.

அகதி மாணவர் ஒருவர் கல்லூரிக்குப் போவதில் எத்தனை தடைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஓடிவந்த அவசரத்தில் மதிப்பெண் சான்றிதழ் வீட்டோடு எரிந்திருக்கும். புகலிடம் கேட்டு விண்ணப்பித்துப் பதில் வராதவரைப் பல நாடுகளில் வெளிநாட்டு மாணவராகக் கணக்கிட்டுப் பல மடங்கு கட்டணம் கேட்பார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. எனவே சம்பாதித்துக் கட்டவும் வழியில்லை. பிணை கொடுக்க ஆளில்லாதவருக்கு வங்கி கடன் தராது. தொழிற்பயிற்சிக்குப் போகலாமென்றால், பயிற்சி முடித்தபின் உரிமம் கிடைக்குமா என்பது தெரியாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2019-இல் தந்த கணக்கின்படி, உயர்கல்விக்குச் சென்ற அகதி இளையோர் 100-க்கு 3 பேர்; உலக அளவிலோ 37 பேர். அதன்பின் அந்த 3 இரு மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளது. 2030-க்குள் 15 ஆக்குவது அவர்கள் இலக்கு.

அருப்பே தொடங்கிய பணி இந்த இடத்தில்தான் துணிந்து இறங்கியது. மலாவி நாட்டில் சலேக்கா என்றொரு முகாம் உண்டு. முன்பு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த சிறை அது. 1994-இல் அகதி முகாமாயிற்று. அங்கும், கென்யாவின் ககுமா முகாமிலும் 2010-இல் இணையவழி உயர்கல்வி தொடங்கப்பட்டது. இயேசு சபைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அமெரிக்காவிலிருந்தே பாடம் நடத்தினார்கள். டென்வர் நகரின் ரெஜிஸ் பல்கலைக்கழகம் பட்டயம் வழங்கியது. மாணவர் முகாமை விட்டு வெளியேற முடியாதென்றால், கல்லூரி முகாமுக்கு வரட்டும் என்பதே ஏற்பாடு. பட்டப்படிப்புக்கு வர இயலாதவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளும் வைத்தார்கள்.

நம் மாநிலத்துக்கும் இது தொலைதூரக் கதையல்ல. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்த நம் மக்களின் முகாம்களில், இதே அகதிகள் பணியினர் மாலைநேர வகுப்புகள் நடத்தி, அந்த வகுப்புகளில் முகாம் இளையோரையே ஆசிரியர்களாக்கினார்கள். 1991-க்குப் பின் சில ஆண்டுகள் அப்பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டிருந்தது. பிறகு சிறிது சிறிதாகத் திறந்தது. பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு முகாம் மாணவர்கள் சிலரின் கட்டணத்தை ஏற்பதாக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில் என் அலுவலகக் கதவைத் தட்டும் முகாம் பெற்றோர் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் சீட்டில் பெரும்பாலும் விடுதிக் கட்டணமும் பேருந்துச் செலவும்தான் எழுதியிருக்கும். சென்ற முறை வந்த தாய் ஒருவர், மகனுக்கு வெல்டிங் பயிற்சிக்கான காலணி வாங்கப் பணம் கேட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

1981 ஆகஸ்டு 6. ஹிரோஷிமாவுக்குச் சரியாக 36 ஆண்டு. பாங்காக்கில் அகதிகளிடையே பணியாற்றும் இயேசு சபையினரைச் சந்தித்தார் அருப்பே. மனம் திறந்து பேசினார். இப்பணியில் செபத்தை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அன்றே விமானம் ஏறினார். மறுநாள் உரோமையில் இறங்கியதும் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது. பல மொழிகள் பேசிய அந்த நாவில் சொற்கள் வர மறுத்தன. 1983-இல் பொறுப்பைத் துறந்தார். ஒன்பது ஆண்டுக்கும் மேலாக நோயாளர் அறையிலேயே கழித்தார்.

1991 பிப்ரவரி 5 அன்று இறைவனடி சேர்ந்தார். 1597-இல் நாகசாகியில் மறைசாட்சியர் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டதும் பிப்ரவரி 5-ஆம் நாளில்தான். 2019-இல் அதே நாளில், அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்துவதற்கான மறைமாவட்ட அளவிலான பணி உரோமையின் இலாத்தரனில் தொடங்கப்பட்டது. அகதிகள் பணியினர் இன்று 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளனர். சலேக்காவில் பாடம் தொடர்கிறது.