வளைந்த கால்களும் வழியனுப்பிய கூட்டமும்

மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி நம் மன்றச் செயலாளர் கேட்டார். வேதியியல் படிக்கிறவன் ஆகையால், விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டதோ குடித்தே மாண்ட ஒரு பந்தாட்டக்காரரை! செயலாளர் மன்னிப்பாராக.

நண்பர்களே, நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்தக் கொல்கத்தா பந்துப் பைத்தியம் பிடித்த நகரம். 1977-ல் பெலே இங்கு வந்து, ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் அணியை எதிர்த்து ஆடிய கதையைத் தேநீர்க் கடைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பெலேயோடு சேர்ந்து வலப்பக்க ஓரத்தில் ஓடிய ஒருவரைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அவர்தான் கரிஞ்சா.

இயற்பெயர் மானுவல் பிரான்சிஸ்கோ தோஸ் சாண்டோஸ். 1933 அக்டோபர் 28-ல், ரியோ டி ஜெனிரோவை அடுத்த பாவ் கிராண்டே என்னும் ஆலைச் சிற்றூரில் பிறந்தார். கரிஞ்சா என்பது ஒரு சின்னஞ்சிறு பறவையின் பெயர். உருவில் சிறியவராக இருந்ததால் உடன்பிறந்த அக்காள் இட்ட பட்டப்பெயர் அது. பிறவியிலேயே இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. வலக்கால் உள்நோக்கியும் இடக்கால் வெளிநோக்கியும் வளைந்திருக்க, ஒன்று மற்றதைவிடக் குட்டையாகவும் இருந்தது. நம்மூர்ப் பள்ளியாக இருந்தால் உடற்பயிற்சி ஆசிரியர் ஓரமாக உட்காரச் சொல்லியிருப்பார். இன்னொன்றும் வழிவழியாக வந்தது. தந்தை பெருங்குடியர். கஷாசா என்னும் கரும்புச் சாராயம் அந்த ஊரில் தண்ணீர்போல் ஓடியது. 14 வயதில் ஊர் நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்த மகன், வேலையில் சோம்பலும் பந்தில் சுறுசுறுப்புமாகக் காலம் கழித்தார்.

1953-ல் பொட்டபோகோ கழகத்தின் தேர்வுக்குச் சென்றார். அவரைத் தடுக்க நிறுத்தப்பட்டவர் நாட்டின் தலைசிறந்த காப்பாட்டக்காரரான நில்டன் சாண்டோஸ். அவருடைய கால்களுக்கு நடுவிலேயே பந்தை உருட்டிக்கொண்டு போய்விட்டார் இந்தக் கோணற்காலர்! கோபம் கொள்ள வேண்டிய நில்டன், இவரை விடாதீர்கள் என்று கழகத்தாரை வற்புறுத்தினார். இவர் எதிரணியில் சேர்ந்தால் தம் பாடு என்னவாகும் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். பெருந்தன்மையும் இருந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஆசை.

1958-ல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் அவரைச் சேர்க்கவில்லை. விளையாட்டுப் புத்தி மிகுந்தவர் என்று கருதினார்கள். மூன்றாம் ஆட்டம் சோவியத் ரஷ்யாவுடன். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. அடுத்த இரண்டு நிமிடங்களுக்கு ரஷ்யர்கள் தலை தூக்க முடியவில்லை. இறுதியாட்டத்தில் பிரேஸில் பெற்ற முதல் இரண்டு கோல்களும் அவர் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்துகளால் வந்தவை. அவரது வித்தையோ ஒன்றே ஒன்றுதான். இடப்பக்கம் போவதுபோல் சாய்ந்து, வலப்பக்கம் பாய்வார். எதிராளிக்கு அது முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் ஏமாறுவார். வளைந்த கால்கள் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் எடையை மாற்றும் என்று கண்ணால் கணிக்க முடியாததே இதன் இரகசியமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

1962-ல் சிலியில் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேற, பாரம் முழுவதும் கரிஞ்சாவின் தோளில் விழுந்தது. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், சிலிக்கு எதிராக இரண்டு கோல். காய்ச்சலுடன் இறுதியாட்டம் ஆடினார். கோப்பை மீண்டும் பிரேஸிலுக்கே. பெலேயும் அவரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் எதிலும் பிரேஸில் தோற்றதில்லை. மக்களின் மகிழ்ச்சி என்றே அவருக்கு ஒரு பெயர் ஏற்பட்டது.

இதுவரை எழுதியதில் எனக்குச் சிரமம் இல்லை. இனிமேல்தான்.

மனைவி நாயிரையும், வரிசையாகப் பிறந்த பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு, சாம்பா இசைப் பாடகி எல்ஸா சோரஸுடன் வாழப் போனார் கரிஞ்சா. நாடு கொதித்தது. ஆனால் யார்மேல்? குடும்பத்தைக் கைவிட்டவர்மேல் அன்று; பாடகியின்மேல்! குடும்பத்தைக் கெடுத்தவள் என்று தூற்றினார்கள். கொலை மிரட்டல் விடுத்தார்கள். முழங்கால் மூட்டு தேய்ந்து ஆட்டம் குறைந்தபோதும் பழி எல்ஸாவுக்குத்தான். தொகை எழுதாத ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்த ஏமாளித்தனத்தால் பணமும் நிற்கவில்லை. அந்த நாட்களில் பாடி வீட்டைக் காத்தவர் எல்ஸா.

1969 ஏப்ரலில், குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிச் சென்ற கரிஞ்சா ஒரு லாரியின்மீது மோதினார். வண்டியில் இருந்த எல்ஸாவின் தாயார் இறந்துபோனார். அதற்குப் பிறகும் எல்ஸா அவரை விட்டுப் போகவில்லை. 1973 டிசம்பரில் அவருக்காக மரக்கானா அரங்கில் நடந்த பிரிவுபசார ஆட்டத்துக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் வந்தார்கள். குடி நிற்கவில்லை. அடி தாங்க முடியாமல் 1977-ல் எல்ஸா பிரிந்தார். 1980 திருவிழா ஊர்வலத்தில் மாங்குயிரா குழுவினர் கரிஞ்சாவை அலங்கார வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் நினைவு மங்கியவராய், கையை அசைக்கக்கூட மாட்டாமல் இருந்தவரை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

1983 ஜனவரி 20-ல் இறந்தார். வயது 49, கல்லீரல் கெட்டிருந்தது. பொட்டபோகோ கொடி போர்த்திய உடல் மரக்கானாவில் வைக்கப்பட்டது. மறுநாள் தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டேக்குக் கொண்டுசென்றபோது, வழியெங்கும் சாலையோரத்திலும் மேம்பாலங்களிலும் மக்கள் நின்று அழுதார்கள். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அவர் அலைந்த நாட்களில் இந்தக் கூட்டம் எங்கே போயிருந்தது?

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு சாவு நினைவுக்கு வந்தது. நான் வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். சொந்த ஊர் தஞ்சைப் பக்கம். என் சித்தப்பா ஒருவர் அங்கே பெயர்பெற்ற கபடி ஆட்டக்காரர், குடிகாரரும்கூட. அவர் இறந்தபோது கடைத்தெருவை அடைத்தார்கள், பறை முழங்கியது, ஆடுகளத்தைச் சுற்றிப் பாடையைத் தூக்கிச் சென்றார்கள். சித்தி அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பெண்களே முணுமுணுத்தார்கள். 14 வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்தியின் முன்கையில் இருந்த தழும்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்து.

கூட்டத்தின் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு, கோணற்காலோடு பிறந்த தங்களவன் ஒருவன் உலகத்தை ஏமாற்றிச் சிரிக்க வைத்ததே வாழ்வின் பெரிய செல்வம். எங்கள் ஊராரின் அழுகையும் அப்படியே. ஆனால் அழுகிறவர்கள் தங்களோடு சேர்ந்து அழாதவர்களை ஏன் குற்றவாளியாக்குகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிரேஸிலியா நகரத்து அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது எலும்புகள் இருக்குமிடமோ தெரியவில்லை. கல்லறையிலிருந்து அவை எங்கே மாற்றப்பட்டன என்பதற்குச் சான்று இல்லை என்று 2017-ல் செய்தி வந்தது. எல்ஸா அவருக்குப் பின் 39 ஆண்டுகள் வாழ்ந்தார். இருவருக்கும் பிறந்த ஒரே மகனை 1986-ல் இன்னொரு மோட்டார் விபத்தில் இழந்தார். 2022-ல் அவர் கண் மூடிய நாளும் ஜனவரி 20-தான். ரியோவின் நகர நாடக அரங்கில் வைத்து அவரை வழியனுப்பினார்கள்.

சென்ற பொங்கலன்று சித்தியிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். கோப்பைகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன்டா தம்பி, அந்தப் பாட்டுக்காரி அதற்கப்புறமும் பாடினாளா என்று மட்டும் கேட்டார். பாடினார் சித்தி, 91 வயதில், சாவதற்குச் சில நாள் முன்புவரை பாடினார் என்றேன்.