வீணாகும் வெப்பத்தைத் துரத்தியவர்: யார் இந்த ருடால்ஃப் டீசல்?

பெட்ரோல் பங்க்கில் தினமும் காதில் விழும் பெயர், டீசல். அது ஒரு இன்ஜினீயரின் குடும்பப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போக, 12 வயதுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரர். மியூனிக் பாலிடெக்னிக்கில் ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தார்.

விடாத கணக்கு

அங்கே பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டேவின் வகுப்பில் ஒரு கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. நீராவி இன்ஜினில் எரியும் நிலக்கரியின் சக்தியில் சுமார் 10 சதவீதம்தான் வேலையாக மாறும், மிச்சமெல்லாம் வீண்.

1880-ல் படிப்பு முடிந்ததும் பாரிஸில் லிண்டேவின் ஐஸ் ஃபேக்டரி வேலை. அதற்கு நடுவிலேயே அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜினுக்காகப் பல வருஷம் உழைத்தார். அது கைகூடவில்லை.

ஸ்பார்க் வேண்டாம்

அடுத்த யோசனைக்கு 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சூடாகுமே, அதே தத்துவம்தான். காற்றை ரொம்ப அழுத்தினால் கொதிக்கும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தானே பற்றிக்கொள்ளும்.

1893-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. 1894-ல் இன்ஜின் சுமார் ஒரு நிமிஷம் தானாக ஓடியது. 1897-ல் நடந்த அதிகாரபூர்வ சோதனையில் கிடைத்த செயல்திறன் 26.2 சதவீதம். நீராவி இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

பிறகு என்ன ஆச்சு?

புகழும் பணமும் வந்தன. காப்புரிமை வழக்குகள், தப்பான முதலீடுகள், உடல்நலக் குறைவு என எல்லாம் சேர்ந்து கடனில் தள்ளின. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து காணாமல் போனார். பிறகு கடலில் சடலம் கிடைத்தது. தற்கொலையா, விபத்தா என்பது இன்றும் முடிவாகவில்லை.

டீசல் லாரிகள் ரோட்டுக்கு வந்தது 1920-களில்தான். எரிபொருளை மிச்சப்படுத்தப் பிறந்த இந்த இன்ஜினுக்கு இன்னொரு முகமும் உண்டு. காற்றோடு சரியாகக் கலக்காத டீசல் கரும்புகையாகிறது. அதிக வெப்பத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உருவாகின்றன. இந்தியாவில் 2020-ல் வந்த பிஎஸ்-6 விதிகள் குறிவைப்பது இந்த இரண்டையும்தான். டீசல் வீணாகும் வெப்பத்தைப் பிடித்தார். புகையைப் பிடிக்கும் வேலை இன்றைய இன்ஜினீயர்களிடம் இருக்கிறது.