நேரே வரலாம் என்ற நீதிபதி

திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை பலரும் அறிந்தது. தவறான தீர்ப்புச் சொன்ன எழுபது வேளாளர்கள் தீயில் இறங்கினார்களாம். அந்தச் சபையை விட்டால் பாவம், அந்த வணிகனுக்கு முறையிட வேறு வாசல் இல்லை. நம் காலத்தில் உண்டு. அதைத் திறந்து வைத்தவர் பதஞ்சலி சாஸ்திரி.

1889-ல் பிறந்தவர். தந்தை பச்சையப்பன் கல்லூரியில் சம்ஸ்கிருத பண்டிதர். வருமான வரி வழக்குகளில் பெயர் பெற்ற வக்கீலாக இருந்து, 1939-ல் சென்னை ஹைகோர்ட் நீதிபதியானார். பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்.

1950-ல் ரமேஷ் தாப்பரின் பம்பாய் வாரப் பத்திரிகையான ‘கிராஸ் ரோட்ஸ்’ சென்னை ராஜ்யத்துக்குள் வரக் கூடாது என்று சர்க்கார் தடை விதித்தது. தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். முதலில் சென்னை ஹைகோர்ட்டுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்றது சர்க்கார் தரப்பு. ஹைகோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டுதான். ஆனால் அடிப்படை உரிமையை இழந்தவர் சுப்ரீம் கோர்ட்டை நாடுவதும் ஓர் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பு எழுதினார் சாஸ்திரி. தடை ரத்தாயிற்று.

1951-ல் தலைமை நீதிபதியானார், 1963-ல் காலமானார். இன்று சுப்ரீம் கோர்ட்டே பலரை முதலில் ஹைகோர்ட்டுக்குப் போகச் சொல்வதுண்டு. ஆனாலும் சட்டத்தில் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.