சரியாக 3,000

கிரிக்கெட் என்றால் நம் குடியிருப்பில் பேச்சு ஓயாது. இந்த முறை அதன் தூரத்து உறவான பேஸ்பாலில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே.

1934-ல் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. 1955-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆட வந்தார். கடைசி வரை, 18 சீசன்களும், அதே அணிதான்.

அவர் நின்ற இடம் வலது அவுட்ஃபீல்டு. நம் பவுண்டரி ஃபீல்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து குறி தவறாமல் எறிவார். சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் வாங்கினார். பேட்டிங் சராசரியில் லீக்கின் முதலிடம் நான்கு முறை.

ஆனால் கறுப்பர், தாய்மொழி ஸ்பானிஷ். அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே அச்சிட்டுக் கேலி செய்தன சில பத்திரிகைகள். ராபர்ட்டோ என்ற பெயரையும் விருப்பமில்லாமலே 'பாப்' ஆக்கினார்கள். அவர் பதில் சொன்னது ஆட்டத்தில்தான். 1971 உலகத் தொடரில், 37 வயதில், ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்துத் தொடரின் சிறந்த வீரரானார்.

1972 செப்டம்பர் 30 அன்று 3,000-வது ஹிட். லீக் ஆட்டங்களில் அதுவே அவருடைய கடைசி ஹிட்.

அந்த டிசம்பர் 23-ல் நிகரகுவா தலைநகர் மனாகுவாவில் பெரும் நிலநடுக்கம். கிளெமென்டே முன்நின்று நிவாரணம் திரட்டி அனுப்பினார். அனுப்பியது மக்களுக்குப் போகாமல் அதிகாரத்தில் இருந்தவர்கள் கைக்குப் போகிறது என்று தகவல் வந்தது. நானே போய் நின்றால் யார் எடுப்பார்கள் என்று நினைத்து, டிசம்பர் 31 இரவு அடுத்த விமானத்தில் தானே ஏறினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய பழைய விமானம். கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது 38.

புகழ் மன்றத்தில் இடம் பெற ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்காக அதைத் தளர்த்தி 1973-லேயே சேர்த்தார்கள்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே காலம் கழித்தவன் நான். ரசீது கொடுத்தால் வேலை முடிந்தது என்றிருப்போம். பணம் உரியவர் கைக்குப் போனதா என்று பார்ப்பவர் அபூர்வம். அடுத்த முறை நம் குடியிருப்பில் நிவாரண வசூல் நடக்கும்போது, கொடுப்பதோடு நிற்காமல், போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.