தங்கையைக் கொண்டுபோன நோய்

1904-ம் ஆண்டு. புதுக்கோட்டை சமஸ்தானமே பரபரப்பாக இருந்தது. மன்னர் கல்லூரியில் ஒரு பெண் படிக்கச் சேர்ந்துவிட்டாள்!

பையன்களைப் பெற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அசையவில்லை. அந்தப் பெண் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். கலப்பு மணம் என்பதால் தந்தையின் உறவினர்கள் அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்கள்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்று நினைத்த காலம் அது. கத்தி பிடித்து ஆபரேஷன் செய்வது ஆண்களின் வேலை! முத்துலட்சுமியோ ஆபரேஷன் பாடத்திலும் சிறந்து விளங்கினார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார்.

சட்டசபைக்குப் போனதும், தேவதாசி முறையை எதிர்த்ததும், அவ்வை இல்லம் தொடங்கியதும் ஊரறிந்த கதை. அவருடைய நெஞ்சில் தைத்த முள் வேறு ஒன்று.

அம்மையாருக்கு ஒரு தங்கை. சிறு வயது. அவருக்கு வயிற்று உபத்திரவம் வந்தது. சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். நோய் தணியவில்லை. அது சீதபேதியே அல்ல. மலக்குடலில் புற்றுநோய்! தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை இறந்துபோனார். அக்காள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

நோயை முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால்? அப்போதும் வழி சுலபமாக இல்லை. மலக்குடல் புற்றுநோய்க்கு அந்தக் காலத்தில் இரண்டு விதமான ஆபரேஷன்கள் இருந்தன.

ஒன்று, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழிருந்து அறுத்துக் கட்டியை எடுப்பது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. நோயாளி ஆபரேஷனைத் தாங்கிவிடுவார். ஆனால் நோய் விடாது. லண்டனில் மைல்ஸ் என்ற டாக்டர் 57 பேருக்கு இப்படிச் செய்தார். அவர்களில் 54 பேருக்கு நோய் திரும்பி வந்தது!

மைல்ஸ் சும்மா இருக்கவில்லை. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தார். நோயின் வேர் மேல்நோக்கி வயிற்றுக்குள் ஏறியிருந்தது. கீழிருந்து அறுக்கிற கத்திக்கு அது எட்டாது. கரும்பை வெட்டிவிட்டுக் கட்டையை மண்ணிலேயே விட்டால் மறுபடி துளிர்க்கும் அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே 1908-ல் இரண்டாவது வழியை அறிவித்தார். வயிற்றையும் திறப்பது, கீழிருந்தும் அறுப்பது, மலக்குடல் முழுவதையும், அதைச் சுற்றியுள்ள சதையோடு எடுத்துவிடுவது. இது பெரிய ஆபரேஷன். முதலில் செய்துகொண்ட 12 பேரில் 5 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கும் ஆயுள் முழுவதும் வயிற்றில் வைத்த துவாரம் வழியாகத்தான் மலம் போகும். ஆனாலும் நோயின் வேர் அறுந்தது. போகப்போக டாக்டர்களின் கை பழகியது, சாவும் குறைந்தது. பல பத்தாண்டுகள் உலகமெங்கும் இந்த முறையே நடந்தது.

மைல்ஸ் வேலை பார்த்தது லண்டன் ஃபுல்ஹாம் சாலையிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில். 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போன முத்துலட்சுமி அம்மையார் அந்த ஆஸ்பத்திரியையும் போய்ப் பார்த்தார். ஒரே நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி! அங்கே கத்தியும் இருந்தது, ரேடியமும் இருந்தது. இப்படி ஒன்று நம் சென்னையில் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்வது ஒன்று, கட்டி முடிப்பது வேறு. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இந்த யோசனையை வைத்தார். காரியம் நடக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணம் படித்த பெரியவர்களிடமே இருந்தது. தங்கையைப் பறிகொடுத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அம்மையார் விடவில்லை. பெண்கள் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர். அவர் வெளிநாடு போய்ப் புற்றுநோய் சிகிச்சை கற்று வந்தார். 1952-ல் அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள். அம்மையாருக்கு அப்போது 67 வயது.

அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். 1950-களின் பிற்பகுதியில் கோபால்ட் கதிர் யந்திரமும் வந்தது. கத்தி மட்டுமா, கதிர் மட்டுமா என்ற சண்டை அங்கே இல்லை. எந்த நோயாளிக்கு எது, எதற்குப் பின் எது என்று பார்த்துச் செய்தார்கள்.

இன்று மலக்குடல் ஆபரேஷன் வெகுவாக மாறிவிட்டது. பலருக்கு முதலில் கதிரும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள். பிறகு வயிற்றில் சிறு துளைகள் போட்டு, அதன் வழியாகவே அறுத்தெடுக்கிறார்கள். கட்டி ஆசனவாய்க்குச் சற்று மேலே இருந்தால் குடலை மீண்டும் இணைத்துவிடலாம். நிரந்தரத் துவாரம் தேவைப்படாது. கட்டி மிகவும் கீழே இருந்தால் இன்றும் மைல்ஸ் வழிதான். மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்றோ பேதி என்றோ எண்ணி மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு எந்த வழியும் கடினம்தான்.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22-ந்தேதி காலமானார். 82-வது பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருந்தன. அன்றும் அடையாறு ஆஸ்பத்திரியில் மகன் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும்தான் பொறுப்பில் இருந்தார்கள்.